கழுத்துத் தமனி அடைப்பும் பக்கவாதமும்: உள் கரோட்டிட் தமனி பற்றி ஓர் அறிமுகம்

முழு உடல் பரிசோதனைக்காகவோ தலைசுற்றலுக்காகவோ எடுக்கப்பட்ட கழுத்து ஸ்கேன் அறிக்கையில் "உள் கரோட்டிட் தமனியில் 50 சதவீதக் குறுகல்" என்று ஒரு வரி இருந்தால், மூளைக்குப் போகும் ரத்தத்தில் பாதி நின்றுவிட்டது என்றே அதைப் படிப்பவர் எடுத்துக்கொள்கிறார். குறுகலை விரித்துவிட்டால் ஆபத்து நீங்கிவிடும் என்பதும், முழுவதும் அடைத்துக்கொண்டால் அன்றே பக்கவாதம் வரும் என்பதும் இதே எண்ணத்திலிருந்து பிறப்பவை. இவற்றுள் எதுவும் அப்படியே உண்மையில்லை. இந்தத் தமனியில் வரும் நோய்கள் பலவகைப்பட்டவை. அவற்றுள் மிகப் பரவலானதாகிய கொழுப்புப் படிவு நோயில்கூட, குறுகலைவிட, அந்தக் குறுகிய இடத்திலிருந்து உடைந்து மேலே போகும் துணுக்குகளே பெரும்பாலும் மூளையைத் தாக்குகின்றன.

தமனி செல்லும் வழி

இதயத்திலிருந்து ரத்தத்தைக் கொண்டுசெல்லும் குழாய்களுக்குத் தமனிகள் என்று பெயர். கழுத்தின் இருபுறமும் பொதுக் கரோட்டிட் தமனி ஒவ்வொன்று மேலேறுகிறது. கழுத்தில் விரல் வைத்து நாடி பார்க்கும்போது நாம் உணர்வது இதன் துடிப்பைத்தான். குரல்வளைக் குருத்தெலும்பின் மேல்விளிம்பு மட்டத்தில் இது இரண்டாகப் பிரிகிறது. முகத்துக்கும் தலையின் வெளிப்பகுதிக்கும் ரத்தம் தரும் கிளை வெளிக் கரோட்டிட். மூளைக்கும் கண்ணுக்கும் ரத்தம் தரும் கிளையே உள் கரோட்டிட்.

உள் கரோட்டிட் தமனி கழுத்துப் பகுதியில் ஒரு கிளையைக்கூடத் தருவதில்லை. காதுக்கு அருகிலுள்ள எலும்பில் தனக்கென அமைந்த ஒரு கால்வாய் வழியாக மண்டையோட்டுக்குள் நுழைந்து, கண்குழிக்குப் பின்னால், இதயத்துக்குத் திரும்பும் சிரை ரத்தம் நிறைந்த ஓர் அறையைக் கடந்து, மூளையுறையைத் துளைத்து மேலே வந்த பிறகே கண்ணுக்கான கிளையைத் தருகிறது. இறுதியில் மூளையின் முன்பகுதிக்கும் பக்கப் பகுதிக்கும் செல்லும் இரு பெருங்கிளைகளாக முடிகிறது. ஒரே குழாய் கழுத்துத் தசைகளிடையே நெகிழ்வாகவும், எலும்புக்குள் இறுக்கமாகவும், சிரையறைக்குள் மிதப்பதுபோலவும், மூளையடியில் நீர்மத்தால் சூழப்பட்டும் இருப்பதால், ஒவ்வொரு பகுதியிலும் வரும் நோய் வெவ்வேறாக இருக்கிறது.

மூளைக்குள் ரத்தம் செல்லும் பெருவழிகள் நான்கு: முன்புறம் இரண்டு உள் கரோட்டிட் தமனிகள், பின்புறம் முதுகெலும்போடு ஏறும் இரண்டு தமனிகள். இவை நான்கும் மூளையின் அடியில் ஒரு வளையமாக இணைகின்றன. தாமஸ் வில்லிஸ் என்ற ஆங்கில மருத்துவர் 1664இல் விவரித்ததால் அது வில்லிஸ் வளையம் எனப்படுகிறது. ஒரு பக்கத்தில் வரத்து குறைந்தால் மறுபக்கத்து ரத்தம் இவ்வளையம் வழியாக வந்து ஈடுசெய்யும். ஆனால் முழுமையான வளையம் எல்லோருக்கும் வாய்ப்பதில்லை; இணைப்புக் குழாய் மிக மெல்லியதாகவோ இல்லாமலோ இருப்பது மிகச் சாதாரணம். இருவருக்கு ஒரே அளவு அடைப்பு இருந்தும் ஒருவர் நடமாட, மற்றவர் படுக்கையில் விழுவதற்கு இவ்வேறுபாடு ஒரு முக்கியக் காரணம்.

படிவு எப்படி உண்டாகிறது, எப்படித் தாக்குகிறது

பழைய இரும்புத் தண்ணீர்க் குழாயை நினைத்துக்கொள்ளலாம். உட்புறத்தில் துருவும் உப்பும் பொருக்காகப் படிந்து குழாய் குறுகினால் தண்ணீர் மெல்ல வரும் என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனால் ஒருநாள் தண்ணீர் திடீரென நின்றுபோவது பெரும்பாலும் குழாய் முழுவதும் அடைத்ததால் அன்று. பொருக்கின் ஒரு சில்லு பெயர்ந்து வந்து கடைசியில் உள்ள சிறிய வடிகட்டியில் சிக்கிக்கொண்டதால். கழுத்துத் தமனி நோயைப் புரிந்துகொள்ள இந்த இரண்டாவது நிகழ்வே தேவை. ஒப்புமை இத்துடன் முடிகிறது. ஏனெனில் தமனிப் படிவு குழாயின் மேல் ஒட்டிய அழுக்கன்று, உயிருள்ள சுவருக்குள்ளேயே வளரும் ஒன்று.

தமனியின் உட்புறத்தை ஒரே அடுக்காக அமைந்த மெல்லிய செல்கள் போர்த்தியிருக்கின்றன. புகைபிடித்தல், உயர் ரத்த அழுத்தம், சர்க்கரை நோய், ரத்தத்தில் மிகுந்த கெட்ட கொழுப்பு ஆகியவை இப்போர்வையைப் பழுதாக்குகின்றன. அதன் வழியே கொழுப்புத் துகள்கள் சுவருக்குள் புக, அவற்றை விழுங்க வரும் வெள்ளணுக்கள் கொழுப்பால் நிறைந்து அங்கேயே மடிய, அந்தக் குவியலை உடல் ஒரு நார்ப்படலத்தால் மூடிவைக்கிறது. இவ்வாறு உள்ளே கொழுப்புக் கூழும் மேலே நார்மூடியுமாக உருவாகும் மேட்டையே கொழுப்புப் படிவு என்கிறோம்.

நீண்ட தமனியில் இப்படிவு பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் வருகிறது: கழுத்தில் இரண்டாகப் பிரியுமிடத்தில், உள் கரோட்டிட் சற்றே உப்பித் தொடங்கும் குமிழ்ப் பகுதியின் வெளிச்சுவரில். நேராக ஓடும் ரத்தம் சுவரை ஒரே சீராக உரசிச் செல்வது அங்குள்ள செல்களுக்கு நல்லது. கிளைபிரியும் இடத்தில் ஓட்டத்தின் வேகமான பகுதி நடுப்பிரிவை ஒட்டிச் செல்ல, எதிர்ப்புற வெளிச்சுவரில் ரத்தம் தயங்கிச் சுழல்கிறது. உரசல் குறைந்த அந்த மூலையில் செல்கள் சீர்கெட்டுக் கொழுப்பை எளிதில் உள்ளே விடுகின்றன.

நார்மூடி தடித்திருக்கும்வரை படிவு பல ஆண்டுகள் அமைதியாக இருக்கும். அழற்சியால் மூடி மெலிந்து வெடித்தால் உள்ளிருக்கும் கூழ் ரத்தத்தைத் தொடுகிறது. அதைக் காயம் என்று கருதி ரத்தத் தட்டணுக்கள் அங்கே திரண்டு கட்டியாகின்றன. அந்தக் கட்டியின் துணுக்கோ கூழின் துணுக்கோ பெயர்ந்து ஓட்டத்தோடு மேலே சென்று மூளையின் சிறிய தமனி ஒன்றில் சிக்குகிறது. இப்படி வேறிடத்திலிருந்து வந்து அடைக்கும் துணுக்குக்கு எம்போலஸ் என்று பெயர். கரோட்டிட் நோயால் வரும் பக்கவாதங்களில் பெரும்பாலானவை இவ்வழியில் வருபவை. ரத்தவரத்து குறைந்ததால் மட்டும் வருபவையும் உண்டு. அவை குறைவு, பெரும்பாலும் வில்லிஸ் வளையம் கைகொடுக்காதவர்களுக்கு, ரத்த அழுத்தம் தாழும் வேளையில் நேர்பவை.

மூளைக்குள் நிகழும் பக்கவாதத்துக்குக் கழுத்தில் காரணம் தேடலாம் என்பதே ஒரு காலத்தில் தெளிவாக உணரப்படவில்லை. கனடிய நரம்பியல் மருத்துவர் மில்லர் ஃபிஷர், இறந்தவர்களின் கழுத்துத் தமனிகளை ஆராய்ந்து 1951இல் வெளியிட்ட கட்டுரையே இத்தொடர்பை மருத்துவ உலகின் கவனத்துக்குக் கொண்டுவந்தது. மூன்றே ஆண்டுகளில், 1954இல், லண்டன் செயின்ட் மேரி மருத்துவமனையில் இத்தமனியின் குறுகிய பகுதியை வெட்டியெடுத்துச் சீராக்கும் அறுவைச் சிகிச்சை நடந்தது.

இதுவரை கண்டதன் சாரம்: படிவு சுவருக்குள் வளர்கிறது, பிரியுமிடத்தில் வளர்கிறது, வெடித்துத் துணுக்குகளை அனுப்பும்போது தாக்குகிறது.

அறிக்கையிலுள்ள சதவீதம்

அறிக்கையில் காணும் சதவீதம் பெரும்பாலும் குழாயின் விட்டம் எவ்வளவு குறைந்தது என்பதைக் குறிக்கிறது. ஓடும் ரத்தத்தின் அளவைக் குறிப்பதில்லை. விட்டம் 50 சதவீதம் குறைந்தால் குழாயின் குறுக்குப் பரப்பு 75 சதவீதம் குறைகிறது. விட்டம் 70 சதவீதம் குறைந்தால் பரப்பு 91 சதவீதம் போய்விடுகிறது. அப்படியானால் ரத்தமும் அதே அளவு குறைந்திருக்குமே என்று தோன்றும். குறைவதில்லை. குறுகல் ஒரு குட்டையான பகுதிதான். அங்கே ரத்தம் விரைந்து பாய்ந்து ஈடுகட்டுகிறது, மூளையின் நுண்குழாய்களும் விரிந்துகொடுக்கின்றன. ஆகவே விட்டம் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு குறையும்வரை அத்தமனியில் செல்லும் மொத்த ரத்தத்தில் பெரிய மாற்றம் தெரிவதில்லை.

அந்த விரைவுதான் டாப்ளர் ஸ்கேன் அளக்கும் பொருள். ஒலியலைகளைக் கொண்டு ரத்தத்தின் வேகத்தை அளந்து, வேகம் கூடியிருப்பதிலிருந்து குறுகலைக் கணிக்கிறது. பல ஆய்வகங்களில் நொடிக்கு 125 சென்டிமீட்டருக்கு மேல் போனால் 50 சதவீதத்துக்கு மேற்பட்ட குறுகல் என்றும், 230க்கு மேல் போனால் 70 சதவீதத்துக்கு மேல் என்றும் கொள்கிறார்கள். எனவே அறிக்கையின் எண் நேரடியாக அளந்த ஒன்றன்று, ஒரு கணிப்பு. சிகிச்சை முடிவுக்கு முன் சிடி அல்லது எம்ஆர்ஐ மூலம் தமனியைப் படமெடுத்து உறுதிசெய்வது இதனால்தான்.

அளக்கும் முறையிலும் ஒரு சிக்கல் உண்டு. வட அமெரிக்க முறை, குறுகிய இடத்தை அதற்கு மேலே உள்ள இயல்பான குழாயோடு ஒப்பிடுகிறது. பழைய ஐரோப்பிய முறை, அதே இடத்தில் குமிழ் முன்பு எவ்வளவு அகலமாக இருந்திருக்கும் என்ற ஊகத்தோடு ஒப்பிடுகிறது. முதல் முறையில் 50 என வரும் குறுகல் இரண்டாவதில் 70 அளவுக்கு வரும். இரண்டு அறிக்கைகளை அருகருகே வைத்து "ஆறு மாதத்தில் 20 சதவீதம் கூடிவிட்டது" என்று கலங்குமுன், எந்த முறையில் அளந்தார்கள் என்று கேட்பது நல்லது.

அறிகுறிகள்: எவை இதற்குரியவை, எவை அல்ல

மூளையின் ஒரு பாதி உடலின் எதிர்ப்பாதியை ஆள்வதால், இடப்புறத் தமனியில் நோய் இருந்தால் வலப்புறக் கையும் காலும் முகமும் தளரும் அல்லது மரத்துப்போகும். பெரும்பாலோருக்குப் பேச்சு மையம் இடப்புறத்தில் இருப்பதால் பேச்சும் குழறும் அல்லது சொற்கள் வராமல் போகும். கண் மட்டும் விதிவிலக்கு. கண்ணுக்கான கிளை அதே பக்கத் தமனியிலிருந்து வருவதால் அதே பக்கக் கண்ணே பாதிக்கப்படுகிறது. மேலிருந்து திரை இறங்குவதுபோல் ஒரு கண்ணின் பார்வை மறைந்து சில நிமிடங்களில் திரும்புவது இந்நோயின் தனி முத்திரை.

அறிகுறிகள் வந்து, மூளைத் திசுவில் நிலைத்த சேதம் இல்லாமல் தாமாகவே மறைவதைத் தற்காலிகப் பக்கவாதம் என்பர். துணுக்கு சிக்கிப் பின் கரைந்துபோனதே இதற்குப் பெரும்பாலும் காரணம். கை சரியாகிவிட்டதே என்று மறுநாள் பார்த்துக்கொள்ள நினைப்பது இந்நோயில் நேரக்கூடிய மிகப் பெரிய தவறு என்பேன். வெடித்த படிவு அப்படியே இருக்கிறது. அடுத்த துணுக்கு பெரிதாக இருக்கலாம். முழுப் பக்கவாதத்துக்கான ஆபத்து அடுத்த சில நாள்களில்தான் உச்சத்தில் இருக்கிறது.

மாறாக, தலைசுற்றல் மட்டுமோ மயக்கம் மட்டுமோ இத்தமனியின் குறுகலால் வருவது அரிது. அவற்றுக்குக் காரணம் உட்காது, இதயம், ரத்த அழுத்தம் என வேறெங்கோ இருக்கும். தலைசுற்றலுக்காக எடுத்த ஸ்கேனில் தற்செயலாகத் தெரிந்த குறுகலைத் தலைசுற்றலின் காரணமாகக் கொள்வது அன்றாடம் நிகழும் குழப்பம்.

மருந்து, அறுவைச் சிகிச்சை, ஸ்டென்ட்

முதலில் கேட்கவேண்டிய கேள்வி "எத்தனை சதவீதம்?" என்பதன்று, "அந்தத் தமனியால் அறிகுறி வந்ததா?" என்பதே. அறிகுறி வந்ததென்றால் படிவு ஏற்கனவே வெடித்திருக்கிறது. 1991இல் வெளியான வட அமெரிக்க ஆய்வில், அறிகுறி வந்து 70 முதல் 99 சதவீதக் குறுகல் உள்ளவர்களுள் மருந்து மட்டும் பெற்றோரில் 26 சதவீதத்தினருக்கு இரண்டு ஆண்டுகளுக்குள் அதே பக்கத்தில் பக்கவாதம் வந்தது. அறுவைச் சிகிச்சையும் பெற்றோரில் 9 சதவீதத்தினருக்கே வந்தது. குறுகல் 50க்கும் 69க்கும் இடையில் இருந்தபோது பயன் சிறிதாகவும், 50க்குக் கீழே இல்லாமலும் போயிற்று. அறிகுறியே இல்லாமல் 60 சதவீதத்துக்கு மேல் குறுகியவர்களை வைத்து 1995இல் வெளியான ஆய்வில், ஐந்தாண்டு ஆபத்து மருந்தோடு 11, அறுவையோடு 5 சதவீதம் எனக் கணிக்கப்பட்டது. அதன் பிறகு கெட்ட கொழுப்பைக் குறைக்கும் ஸ்டாட்டின் மருந்துகளும் ரத்த அழுத்தக் கட்டுப்பாடும் வெகுவாக மேம்பட்டுவிட்டதால், அறிகுறியற்றவர்களுக்கு அறுவை தேவைதானா என்ற விவாதம் இன்றும் தொடர்கிறது.

அறுவைச் சிகிச்சையில் தமனியைத் திறந்து, படிவை நோயுற்ற உட்சுவரோடு சேர்த்து உரித்தெடுத்துத் தைத்துவிடுகிறார்கள். அறிகுறி வந்த இரண்டு வாரங்களுக்குள் செய்தால் பயன் மிகுதி. ஸ்டென்ட் என்பது படிவை அகற்றாமல், உலோக வலையால் சுவரோடு அழுத்திவைக்கும் முறை. 2010இல் வெளியான பெரிய ஒப்பீட்டில் இரண்டின் மொத்த விளைவும் ஏறத்தாழ ஒன்றாகவே இருந்தது. எனினும் ஸ்டென்ட் வைத்தவர்களிடம் சிகிச்சையை ஒட்டிய பக்கவாதமும், அறுவை செய்தவர்களிடம் மாரடைப்பும் சற்றுக் கூடுதலாக இருந்தன. முதியவர்களுக்கு அறுவையே மேலாக இருந்தது.

எவ்வழியில் சென்றாலும் தட்டணுக்கள் திரள்வதைத் தடுக்கும் ஆஸ்பிரின் போன்ற மருந்து, ஸ்டாட்டின், ரத்த அழுத்தக் கட்டுப்பாடு, புகையை விடுதல் ஆகியவை அனைவருக்கும் உரியவை. ஸ்டாட்டின் குழாயை அகலமாக்குவதைவிட நார்மூடியைத் தடிக்கச்செய்து வெடிக்காமல் காப்பதே முக்கியம். அடைப்பைக் கரைத்துவிடும் என்று விற்கப்படும் சாறுகளும் சூரணங்களும் இந்த வேலையைச் செய்வதாக எந்தச் சான்றும் இல்லை.

முழுவதும் அடைத்துவிட்ட தமனியைப் பொதுவாகத் திறப்பதில்லை என்பது பலருக்கு வியப்பளிக்கும். ஓட்டமே இல்லாத குழாயிலிருந்து துணுக்குகள் மேலே போக வழியில்லை. திறக்க முயன்றால் உள்ளே உறைந்த கட்டியை நாமே மூளைக்குள் தள்ளிவிடக்கூடும். அடைப்பைச் சுற்றித் தலைத்தோல் தமனியை மூளைத் தமனியோடு இணைத்தால் பக்கவாதம் குறையுமா என்று ஆராய்ந்த 1985ஆம் ஆண்டின் பன்னாட்டு ஆய்விலும் பயன் காணப்படவில்லை.

சாரம்: அறிகுறி வந்த தமனி அவசரமானது, அறிகுறி வராத தமனிக்கு மருந்தே அடித்தளம், முழுதும் மூடிய தமனி பெரும்பாலும் அப்படியே விடப்படும்.

சுவர் கிழிதல்

கொழுப்போடு எந்தத் தொடர்பும் இல்லாமல், இளவயதினருக்கும் நடுவயதினருக்கும் பக்கவாதம் வருவதற்கு முக்கியக் காரணம் தமனிச் சுவரின் கிழிவு. உட்சுவரில் ஒரு கீறல் விழ, ரத்தம் சுவரின் அடுக்குகளுக்கிடையே புகுந்து அவற்றைப் பிரித்து, குழாயை உள்நோக்கி நெருக்குகிறது. வாகன விபத்து, கழுத்தைத் திடீரென முறுக்குதல் ஆகியவற்றால் நேரலாம். காரணமே தெரியாமலும் நேரலாம். இணைப்புத் திசுக் குறைபாடு உள்ளவர்களுக்கும், தமனிச் சுவரின் தசையும் நாரும் ஒழுங்கிழந்து மணிமாலைபோல் சுருங்கியும் விரிந்தும் காணப்படும் நார்த்தசைக் கோளாறு உள்ளவர்களுக்கும் வாய்ப்பு அதிகம். இக்கோளாறு பெரும்பாலும் பெண்களிடம், பிரியுமிடத்துக்கு வெகு மேலே காணப்படுவது.

கிழிவின் முதல் அடையாளம், இதுவரை இல்லாத ஒருபக்கக் கழுத்துவலி அல்லது தலைவலி. கண்ணுக்குச் செல்லும் சில நரம்பிழைகள் தமனிச் சுவரைப் பற்றியே மேலேறுவதால், சுவர் வீங்கும்போது அதே பக்க இமை சற்றுத் தாழ்ந்து கருவிழியின் நடுத்துளை சுருங்கும். வலியோடு இது சேர்ந்தால் உடனே மருத்துவமனைக்குச் செல்லவேண்டும். பக்கவாதம் வருமானால் பெரும்பாலும் முதல் சில நாள்களிலோ வாரங்களிலோ வரும். தட்டணுத் தடுப்பு மருந்தோ ரத்த உறைவுத் தடுப்பு மருந்தோ தரப்படுகிறது. நல்ல செய்தி, பெரும்பாலான கிழிவுகள் சில மாதங்களில் தாமே ஆறுகின்றன.

வீக்கமும் சிரையறைக் கசிவும்

சுவர் பலவீனமான இடத்தில் தமனி பலூன்போல் புடைப்பதற்கு அனியூரிசம் என்று பெயர். மூளையுறைக்கு உட்பட்ட கடைசிப் பகுதியில் வருவதே ஆபத்தானது. வெடித்தால் மூளையைச் சுற்றி ரத்தம் கசிந்து, வாழ்நாளில் கண்டிராத கடுமையான தலைவலி நொடியில் தாக்கும். வில்லிஸ் வளையத்தின் பின்னிணைப்புக் குழாய் கிளைக்கும் இடத்தில் வரும் வீக்கம், வெடிக்கும் முன்பே அருகிலுள்ள கண்ணசைவு நரம்பை அழுத்தலாம். அப்போதும் இமை தாழும். ஆனால் கண்துளை விரியும். கிழிவில் சுருங்கிய துளையும் வீக்கத்தில் விரிந்த துளையும், ஒரே தமனியின் இருவேறு நோய்களை ஒரு டார்ச் விளக்கைக் கொண்டே மருத்துவர் ஊகிக்க உதவுகின்றன.

சிரையறையைக் கடக்கும் பகுதியில் தமனி கிழிந்தால் விளைவு வேறு. தலையில் பலத்த அடிபட்டவர்களுக்கு இது நேரலாம். அழுத்தம் மிகுந்த தமனி ரத்தம் சிரையறைக்குள் பாய, கண்ணிலிருந்து வடியவேண்டிய ரத்தம் திரும்பித் தேங்குகிறது. கண் சிவந்து முன்தள்ளி நாடியோடு துடிக்கும். காதில் நாடியோடு ஒத்த இரைச்சல் கேட்கும். தொடை வழியாக நுண்குழாய் செலுத்திக் கசிவை அடைப்பதே வழக்கமான சிகிச்சை.

மோயாமோயா நோய்

உள் கரோட்டிட் தமனி முடியுமிடத்தில் இருபுறமும் மெல்ல மெல்லக் குறுகி, ஈடுசெய்ய முளைக்கும் நூலிழைக் குழாய்கள் படத்தில் புகைபோலத் தெரியும் நோய் இது. ஜப்பானிய மருத்துவர்கள் சுசுகியும் தகாகுவும் 1969இல் இதற்கு இப்பெயரிட்டனர். கிழக்கு ஆசிய மக்களிடம் மிகுதியாகக் காணப்படுகிறது. குழந்தைகள் தேம்பி அழும்போதோ வேகமாக மூச்சுவிடும்போதோ கரியமில வாயு குறைந்து மூளைக் குழாய்கள் சுருங்குவதால், அத்தருணத்தில் கை கால் தளர்வது இதன் தனித்தன்மை. பெரியவர்களுக்கு மெல்லிய குழாய்கள் வெடித்து ரத்தக்கசிவும் வரலாம். இங்கே தாக்குவது துணுக்கைவிட ரத்தப் பற்றாக்குறைதான். எனவே கொழுப்பு அடைப்பில் 1985இல் பயன் தராத அதே தலைத்தோல் தமனி இணைப்பு, இந்நோயில் முதன்மைச் சிகிச்சையாக இருக்கிறது.

பிறவியிலேயே வேறுபட்ட அமைப்பு

தமனி நேராக ஏறாமல் வளைந்தோ சுருண்டோ இருப்பது வயதானவர்களிடம் மிகவும் சாதாரணம். பெரும்பாலும் சிகிச்சை வேண்டியதில்லை. எனினும் அந்த வளைவு தொண்டைச் சுவரை ஒட்டி வருமானால், அங்கே அறுவை செய்பவர் முன்கூட்டியே அறிந்திருக்கவேண்டும். ஒரு பக்கத் தமனி பிறவியிலேயே இல்லாதிருப்பது மிக அரிது. கருவில் தமனியைச் சுற்றியே எலும்புக் கால்வாய் உருவாவதால், தமனி ஒருபோதும் இல்லையென்றால் கால்வாயும் இருக்காது. பிற்காலத்தில் அடைத்துப்போன தமனியென்றால் கால்வாய் எஞ்சியிருக்கும். சிடி படத்தில் இரண்டையும் பிரித்தறிவது இப்படித்தான்.

இன்னும் சிலருக்கு இத்தமனி வழிதவறி நடுக்காது வழியாகச் செல்கிறது. செவிப்பறைக்குப் பின்னால் சிவந்த ஒரு மேடு தெரியும், நாடியோடு இரைச்சல் கேட்கும். பார்ப்பதற்கு அது ஒரு சிறிய கட்டிபோலவே இருப்பதால், சோதனைக்காகச் சதைத்துணுக்கு எடுக்கக் கருவியை வைத்தால் பாய்வது மூளைக்குப் போகும் ரத்தம். ஆகவே செவிப்பறைக்குப் பின்னால் துடிக்கும் எந்த மேட்டையும் தொடுவதற்கு முன் எலும்புக்கான சிடி படம் எடுத்துப் பார்க்கிறார்கள்.